தூரத்தை அளந்த கண்: லயனல் வென்ட்

கல்லடிப் பாலத்துக்குக் கீழே வாவியில் வெயில் விழுவதற்குச் சற்று முன்பு, வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த ஓர் அண்ணனின் முகத்தை ஒரு மீற்றர் தூரத்தில் நின்று படமெடுத்தேன். பிலிமைக் கழுவிப் பார்த்தபோது அவருடைய காதோரம் நின்ற நீர்த்துளி அவ்வளவு துல்லியமாக இருந்தது. கண்கள் இரண்டும் மங்கலாக இருந்தன.

பிழை என்னுடையது. என் கையில் இருப்பது சோவியத் காலத்து ஸோர்க்கி கமெரா. அதில் தானாகக் குவியம் பார்க்கும் வசதி கிடையாது. 50 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 2 என்ற முழுத் திறப்பில் வைத்து ஒரு மீற்றரில் நின்றால், துல்லியமாக விழும் ஆழம் சுமார் 5 சென்றிமீற்றர் மட்டுமே. ஒரு மனிதனின் கண்ணுக்கும் காதுக்கும் இடையிலான தூரம் அதைவிட அதிகம். குவியத்தைச் சரிபார்த்த பிறகு நான் அரை அடி அசைந்தாலே படம் போய்விடும்.

இந்த வகைக் கமெராவை இந்த நாட்டில் ஆரம்ப காலத்திலேயே கையில் எடுத்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் போனபோது வந்து சேர்ந்த பெயர் லயனல் வென்ட். நம்மில் பலருக்கு அது கொழும்பு 7இல் உள்ள ஒரு நாடக அரங்கின் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர் வழக்கறிஞர், பியானோக் கலைஞர், புகைப்படக் கலைஞர். வாழ்ந்தது 44 வருடங்கள்தான்.

வென்ட் 1900 டிசம்பர் 3ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். விபுலாநந்த அடிகளைவிட எட்டு வயது இளையவர். தந்தை ஹென்றி லொரென்ஸ் வென்ட் உயர் நீதிமன்ற நீதியரசர், பறங்கியர் சமூகத்தவர். தாய் அமெலியா டி சேரம், கொழும்பின் செல்வாக்கு மிக்க சிங்களக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மட்டக்களப்பில் பறங்கியர் என்றால் போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய கைவினைக் குடும்பங்களே நமக்கு நினைவுக்கு வரும். வென்ட் வளர்ந்தது வேறு உலகம். கறுவாத்தோட்டம், ஆங்கிலக் கல்வி, நீதிமன்றம், பியானோ என்று அமைந்த வாழ்க்கை அது. தந்தையும் புகைப்பட ஆர்வலர். இலங்கையின் ஆரம்பகாலப் புகைப்பட ஆர்வலர் சங்கமொன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 1911இல், மகனுக்குப் பத்து வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார்.

1919இல் வென்ட் லண்டன் போனார். வீட்டாரின் எதிர்பார்ப்பின்படி சட்டம் படித்தார். கூடவே ரோயல் அக்கடமியில் பியானோவும் படித்தார். 1924இல் பரிஸ்டராகத் திரும்பி வந்தவர், சட்டத் தொழிலை வெகு சீக்கிரத்தில் கைவிட்டார். கொழும்பின் கச்சேரிகளில் அன்றைய நவீன ஐரோப்பிய இசையை வாசித்தார், பாடம் சொல்லிக் கொடுத்தார், எழுதினார். ஜோர்ஜ் கீற் போன்ற ஓவியர்களுக்கும் கண்டிய நடனக் கலைஞர்களுக்கும் துணையாக நின்றார். 1929இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக வந்து வெள்ளவத்தையில் தனிமையில் கிடந்த பாப்லோ நெருடா என்ற இளம் கவிஞருக்குப் புத்தகங்கள் கொடுத்து உதவிய நண்பரும் இவர்தான்.

கமெரா அவருடைய கைக்கு முழுமையாக வந்தது 1930களின் தொடக்கத்தில். உலகில் புகைப்படக்கலை மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. 1925இல் ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் லைகா என்ற சிறிய கமெராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சட்டைப்பையில் அடங்கும், 35 மில்லிமீற்றர் பிலிமில் 36 படங்கள் எடுக்கலாம். ஆனால் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண்மதிப்பில் ஊகித்தோ, தனிக் கருவியால் அளந்தோதான் லென்ஸைத் திருப்ப வேண்டியிருந்தது. 1932இல் வந்த இரண்டாவது லைகாவில் தூரம் அளக்கும் கருவியை லென்ஸோடு இணைத்துவிட்டார்கள். ரேஞ்ச்பைண்டர் கமெரா என்று நாம் சொல்வது இதைத்தான்.

அதன் வேலை எளிமையானது. கமெராவின் முகப்பில் சற்று இடைவெளி விட்டு இரண்டு சிறு சாளரங்கள். இரண்டும் ஒரே பொருளை இரண்டு கோணங்களிலிருந்து பார்க்கின்றன. கண்ணை வைத்தால் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி, ஒரு கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். அந்த இடத்தில் கமெராவுக்கும் பொருளுக்கும் இடையிலான தூரம் சரியாக அளக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாளரங்கள் பக்கவாட்டில் இருப்பதால் நெடுங்கோடுகளை மட்டுமே துல்லியமாகப் பொருத்தலாம். வாவியின் நீர்மட்டம், தொடுவானம், தோணியின் விளிம்பு போன்ற கிடைக்கோடுகளில் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் தெரியாது. தோணியை ஊன்றும் கம்பு, நீரில் நட்ட தடி, நிற்கும் மனிதனின் தோள் விளிம்பு ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். எதுவும் இல்லையென்றால் கமெராவை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, மீண்டும் கிடையாகப் பிடித்து எடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று பிலிம் சுருள்கள் செலவாகின.

1932இல் ஸைஸ் நிறுவனத்தின் எஃப் 1.5 சொனார் லென்ஸும், 1933இல் லைட்ஸின் எஃப் 2 சுமார் லென்ஸும் வந்தன. அன்றைய பிலிம்களின் ஒளியுணர்வு மிகக் குறைவு. வீட்டுக்குள்ளும் அந்தி நேரத்திலும் படமெடுக்க இப்படி அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸ்கள் தேவைப்பட்டன. அதற்குக் கொடுத்த விலை, கத்தி விளிம்புபோல் குறுகிய துல்லியம். மூன்று மீற்றர் தூரத்தில் எஃப் 8இல் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் ஆழம் துல்லியமாக வரும். அதே தூரத்தில் எஃப் 2 என்றால் அரை மீற்றர்கூட வராது. எனவே இந்தக் கமெராக்களில் வேலை செய்தவர்கள் முழங்கையை விலாவோடு ஒட்டி, குவியம் பார்த்த நொடியிலேயே பொத்தானை அழுத்தப் பழகினார்கள். பலர் தூரத்தை முன்கூட்டியே லென்ஸில் வைத்துவிட்டு, ஆள் அந்தத் தூரத்துக்கு வரும்வரை காத்திருந்தார்கள்.

வென்ட் லைகாவையும், இரட்டை லென்ஸ் கொண்ட ரோலிஃப்ளெக்ஸையும் கையாண்டார். தினமும் மணிக்கணக்கில் விரல்களைப் பழக்கும் பியானோக்காரருக்குக் குவிய வளையத்தைத் திருப்பும் பொறுமை அந்நியமாக இருந்திருக்காது. எடுத்ததோடு அவர் நிற்கவுமில்லை. இருட்டறையில் படங்களை அச்சிட்டார். ஒளி நிழலைத் தலைகீழாக்கும் சோலரைசேஷன், பல படங்களை இணைக்கும் மொன்டாஜ், கமெரா இல்லாமலே தாளில் நேரடியாக ஒளி பாய்ச்சி எடுக்கும் போட்டோகிராம் எனப் பாரிஸிலும் பெர்லினிலும் நடந்த சோதனைகளைக் கொழும்பில் செய்து பார்த்தார். 1938இல் லைட்ஸ் நிறுவனத்தின் அழைப்பில் லண்டனில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

அதற்கு முன்பே பிரித்தானிய இயக்குநர் பசில் ரைட் 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தை எடுக்க வந்தபோது, நாட்டைக் காட்டிக் கொடுத்தவர்களில் வென்ட் முக்கியமானவர். 1934இல் வெளியான அந்தப் படத்தில், 17ஆம் நூற்றாண்டில் கண்டியில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸின் வரிகளை வாசிப்பது அவருடைய குரல்தான். தேயிலைப் பிரசாரத்துக்காகத் தொடங்கிய முயற்சி, உலக ஆவணப்பட வரலாற்றில் இடம்பிடித்த படைப்பாகியது.

வென்ட்டின் படங்களில் மீனவர்கள், உழவர்கள், நடனக்காரர்கள், பௌத்த சிற்பங்கள், ஆற்றில் குளிக்கும் இளைஞர்கள் ஆகியோர் வருகிறார்கள். ஆண் உடலை அவர் பார்த்த விதத்தில் ஆசையும் இருக்கிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். அது அன்றைய இலங்கையில் வெளியே சொல்ல முடியாத ஆசை.

இங்கேதான் எனக்கு அவரோடு ஒரு வழக்கு இருக்கிறது. அவருக்கு முன்பு, 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்த ஜூலியா மார்கரெட் கமரன் தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். கொழும்பு ஸ்டூடியோக்கள் சுதேசிகளை வகைவகையாக நிறுத்தித் தபாலட்டைகள் விற்றன. அந்தத் தபாலட்டைப் பார்வையிலிருந்து வென்ட் வெகுதூரம் விலகி வந்தார் என்பது உண்மை. அவருடைய மனிதர்கள் பொம்மைகளாக நிற்கவில்லை. தங்கள் வேலையில், களைப்பில், தூக்கத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. நீதியரசர் வீட்டுப் பிள்ளைக்கும் மேற்சட்டை இல்லாத மீனவனுக்கும் இடையில் எத்தனை மீற்றர் என்பதை லைகா அளந்துவிட்டது. மற்றத் தூரத்தை அளக்க அதில் சாளரம் இல்லை.

1943 ஆகஸ்டில் வென்ட்டின் வீட்டில் கூடிய ஓவியர்கள் '43 குழு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி ஆகியோர் அதில் இருந்தார்கள். பிரித்தானியக் கலைப் பாடசாலைப் பாணியிலிருந்து இலங்கை ஓவியத்தை விடுவித்த குழு என்று அதைச் சொல்வார்கள். வென்ட் அதன் அச்சாணி. ஆனால் ஒன்றரை ஆண்டுகூட அவர் அதை நடத்தவில்லை. 1944 டிசம்பரில், 44 வயது நிரம்பிய சில நாட்களில், மாரடைப்பில் இறந்தார்.

அவர் இறந்த பின்னர் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. ஒரு கலைஞனின் படத்தை வேறொருவர் அச்சிடக்கூடாது என்ற அக்கால வழக்கம் அது. எஞ்சியவை அவர் தன் கையால் அச்சிட்ட தாள்கள் மட்டுமே. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த படங்களின் தொகுப்பு 1950இல் லண்டனில் வெளியானது. அவருடைய வீடு இருந்த இடத்தில் 1953இல் லயனல் வென்ட் அரங்கு திறக்கப்பட்டது. 2017இல் அம்ஸ்டர்டாமின் ஹுயிஸ் மார்செய் அருங்காட்சியகம் அவருடைய இலங்கைப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. அந்தக் கண்காட்சிக்கு வழி செய்தவை நெகட்டிவ்கள் அல்ல. அவர் காலத்திலேயே அச்சாகி யாரோ பத்திரப்படுத்திய தாள்கள்.

இது எங்கள் ஊருக்குப் புரியும். இடப்பெயர்வுகளிலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையிலும் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போயின. மிஞ்சியவை பெரும்பாலும், வேறொரு ஊரிலிருந்த உறவினருக்கு அந்த வீட்டார் எப்போதோ கொடுத்துவைத்த பிரதிகள்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் கல்லடிக்குப் போனேன். இந்த முறை எஃப் 4இல் வைத்து, அந்த அண்ணன் ஊன்றி நின்ற கம்பின் விளிம்பில் உருவங்களைப் பொருத்தினேன். அவருடைய கண்ணும் கம்பும் ஒரே தூரத்தில் இருக்கும்வரை காத்திருந்து எடுத்தேன். படம் துல்லியமாக வந்தது. இரண்டு பிரதிகள் அச்சிட்டேன். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். என்னிடமுள்ள பிரதியின் பின்பக்கத்தில், அவரிடமே கேட்டு, அவருடைய பெயரையும் ஊரையும் திகதியையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.