பனியை வென்ற திராட்சைக் கொடி

திராட்சைத் தோட்டம் என்றதும் நம் மனக்கண் முன் வெயில் காயும் மலைச்சரிவுகளே தோன்றும். விவிலியம் காட்டும் தோட்டங்களும் அத்தகையவையே. ஆனால் ஏரிக்கரை முழுவதும் பனி மூடிக் கிடக்கும் ஒரு நாட்டில் அக்கொடியை வாழவைத்த ஒருவர் இருந்தார். முனைவர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க் என்பது அவர் பெயர்.

1899-ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைனில் ஒடெசா நகருக்கு அருகே, ஜெர்மானியக் குடும்பமொன்றில் பிறந்தார். ஒடெசாவில் வேளாண்மை பயின்றார். கடுங்குளிரில் திராட்சை வளர்ப்பது பற்றியே ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். போர் அவருடைய குடும்பத்தை நாடு விட்டு நாடு துரத்தியது. 1951-இல் மனைவி, மூன்று பிள்ளைகளோடு அமெரிக்கா வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 52. பல மொழிகள் அறிந்தவர்தான், ஆனால் ஆங்கிலம் தெரியாது. ஆகவே நியூயார்க் நகர உணவகத்தில் பாத்திரம் கழுவினார்! பிறகு ஜெனீவா என்ற ஊரின் வேளாண் ஆய்வு நிலையத்திற்குச் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்தது புளூபெர்ரிச் செடிகளுக்குக் களை கொத்தும் வேலை. ஆய்வுக்கூடத்தில் அமர வேண்டியவர் மண்வெட்டியோடு நின்றார். புலம்பெயர்ந்து வந்தவர்களின் கைகளைப் பார்க்கிறோம், அவர்கள் கற்ற கல்வியை யாரும் கேட்பதில்லை.

அந்த ஊரைச் சுற்றிலும் விரல்களைப் போல நீண்டு கிடக்கும் 11 ஏரிகள் உண்டு. அதனால் அப்பகுதிக்கு ஃபிங்கர் லேக்ஸ் என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கு திராட்சை இரசம் தயாரித்து வந்தார்கள். ஆனால் கான்கார்டு, கட்டாபா போன்ற அமெரிக்க மண்ணின் இனங்களே அங்கு விளைந்தன. ரீஸ்லிங், ஷார்டனே முதலிய ஐரோப்பிய இனங்கள் அந்தக் குளிரைத் தாங்காது என்பது அனைவரின் முடிவு. ஃபிராங்க் அதை ஏற்கவில்லை. உக்ரைனில் அதைவிடக் கொடிய குளிரில் அவற்றை வளர்த்தவர் அல்லவா அவர்! குறை கொடியில் இல்லை, அதைத் தாங்கும் வேர்த்தண்டில்தான் என்றார். குளிர் வருமுன்னே தண்டு முற்றிவிட்டால் கொடி பிழைக்கும். அதற்குக் குறுகிய கோடையிலேயே வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் வேர் வேண்டும்.

இதை மதித்துக் கேட்டவர் ஒருவரே. கோல்டு சீல் நிறுவனத்தை நடத்திய சார்ல்ஸ் ஃபூர்னியே, பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியிலிருந்து வந்தவர். இருவருக்கும் பிரெஞ்சு மொழி கைகொடுத்தது. 1953-இல் அவர் ஃபிராங்கை வேலைக்கு அமர்த்தினார். ஃபிராங்கைப் புகழ்வோர் ஃபூர்னியேவை மறந்துவிடுகிறார்கள். அது நமக்குச் சரியாகப் படவில்லை.

இருவரும் தகுந்த வேரைத் தேடி அலைந்தார்கள். நியூயார்க்கைவிடக் குளிர் மிகுந்த கனடாவின் கியூபெக்கில், ஒரு துறவற மடத்தின் தோட்டத்தில், பினோ இனக் கொடி வளர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டாவது அதிலிருந்து இரசம் கிடைத்து வந்ததாம். யாரும் பாராட்டாத அந்தத் துறவியரின் பொறுமையான உழைப்பு இவர்களுக்கு வழிகாட்டியது. ஆயிரக்கணக்கான ஒட்டுக்கொடிகளைக் கட்டிச் சோதித்தார்கள்.

1957 பிப்ரவரியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி செல்சியசையும் தாண்டி இறங்கியது. அமெரிக்க இனங்களிலேயே பல கருகிப்போயின. ஃபிராங்க் ஒட்டுக் கட்டிய ரீஸ்லிங், ஷார்டனே கொடிகளிலோ பத்தில் ஒரு பங்கு மொட்டுகூடச் சேதமாகவில்லை. 1962-இல் கியூக்கா ஏரியின் கரையில், ஹாமன்ட்ஸ்போர்ட்டில், தமக்கென ஒரு இரசச்சாலையைத் தொடங்கினார்.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்ட நாம் விரும்பவில்லை. பிறர் நட்ட பிரெஞ்சு-அமெரிக்கக் கலப்பினங்களை உடலுக்குக் கேடு என்றே தாக்கிப் பேசினார். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை. முரண்டு பிடிப்பவர், எளிதில் நட்பை முறிப்பவர். ஆனால் இளம் விவசாயிகள் வந்து கேட்டால் தாம் கற்றதை ஒளிக்காமல் கொடுத்தார். அமெரிக்க ஒயின் சங்கம் 1967-இல் அவருடைய வீட்டில்தான் பிறந்தது.

1985-இல் அவர் இறந்தார். மகன் வில்லியும், பின்னர் பேரன் ஃபிரெட்டும் பொறுப்பேற்றார்கள். இன்று அந்த ஏரிகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட இரசச்சாலைகள் உள்ளன. ஜார்ஜியா நாட்டு இனமான ர்கட்சிதேலியை அமெரிக்காவில் வேறு எவரும் நினைத்துப் பாராத காலத்தில் அவர் நட்டார். கியூக்கா ஏரிச் சரிவில் அது இன்றும் காய்க்கிறது.