திவான் சேஷாத்ரி ஐயர்

மத்திகிரி, ஓசூர்ப் பிராந்தியத்து ஆலைகளில் சுழலும் யந்திரங்களைக் கண்டு வியப்போர் பலர். அருகிலுள்ள மைசூர்ச் சீமையில் மின்சார சக்திக்கு முதன்முதல் வழிகோலிய தமிழரை நினைப்போர் சிலரே. அவர்தாம் ஸர் சேஷாத்ரி ஐயர்.

1845-ஆம் வருஷம் பாலக்காட்டையடுத்த குமாரபுரத்தில் பிறந்த அவர், சென்னையில் கல்வி பயின்று, 1868-ல் மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் அமர்ந்தார். 1883-ல் திவான் ரங்காசார்லு காலமாகவே, அப்பதவியை ஏற்று 18 வருஷங்கள் வகித்தார். சிவசமுத்திரத்தில் வீணே வீழ்ந்துகொண்டிருந்த காவேரியைக் கொண்டு, ஏறக்குறைய 92 மைல் தூரத்திலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சக்தியளிக்கத் துணிந்தது அவரது ஆட்சியே.

அத்துணிவின் அருமையை உணர, டைனமோவின் தத்துவத்தை அறிதல் வேண்டும். 1831-ல் பாரடே என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி கண்டறிந்தபடி, காந்தத்தின் துருவங்களுக்கிடையே செம்புக் கம்பிச் சுருள் சுழலும்போது அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. காந்தத்தின் வலிமை, சுருளின் சுற்றுக்கள், சுழலும் வேகம் ஆகிய மூன்றில் எது மிகுந்தாலும் வோல்ட்டும் மிகும். சுருளில் மின்னோட்டம் அரைச் சுற்றுக்கு ஒருமுறை திசை மாறும். அச்சிலுள்ள பிளவுபட்ட செம்பு வளையமும், அதை உராய்ந்து நிற்கும் கரித்துண்டுகளும் அதை ஒரே திசையில் வெளியே செலுத்தும். இதுவே நேர் மின்சாரம்.

ஆனால் குறைந்த வோல்ட்டில் மிகுந்த சக்தியை நெடுந்தூரம் அனுப்பினால், பெரும்பகுதி கம்பியின் சூட்டிலேயே அழிந்துபோம். நேர் மின்சாரத்தின் வோல்ட்டை உயர்த்த அந்நாளில் எளிய வழியில்லை. ஆகவே, மாறுமின்சாரத்தைப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்புவதே வழியாயிற்று. அவ்வளவு தூரம் மின்சாரம் அனுப்புவது உலகெங்கும் அபூர்வமாயிருந்த காலம் அது! அப்பெரிய யந்திரங்களின் காந்தங்களுக்கு உயிரூட்டியதும் சிறிய நேர் மின்சார டைனமோக்களே.

1902-ல் சக்தி கோலாரை அடைந்தது. அதைக் காண ஐயர் இல்லை. 1901 செப்டம்பரிலேயே மறைந்துவிட்டார். முதற்பயன் அந்நியக் கம்பெனிகளின் சுரங்கங்களுக்கே கிட்டியது. பெங்களூர் வீதிகள் விளக்கொளி பெற்றது 1905-ல்தான். இக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், சமஸ்தானத்துப் பொதுப்பணத்தில் எழுந்த நிலையம் சமஸ்தானத்துக்கே சொந்தமாய் நின்றது. 2001-ல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஜனங்களோ மின்சாரத்தை விடவில்லை.

யந்திரங்களை விலைகொடுத்து வாங்கலாம். அவற்றின் தத்துவத்தை நாமே கற்றாலன்றி அவை நமக்கு உரிமையாகா. அக்கல்வி தமிழில் பரவுவதே ஐயருக்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கையாகும்.