ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக்

விஞ்ஞானப் புனைகதைகளை விரும்பிப் படிக்கும் நம் மாணவருள் ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் என்னும் பெயர்களை அறியாதார் இலர். ஆயின் அத்தகைய கதைகளைப் படிப்போர் ஒருவரையொருவர் தேடிக் கண்டு, சங்கம் அமைத்து, கதையின் குணதோஷங்களைக் கூடியிருந்து ஆராயும் வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று என வினவின், விடை கூறுவார் சிலரே. அவ்வழக்கத்திற்கு வித்திட்டவராகிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1884-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஐரோப்பாவிலுள்ள லக்சம்பர்க் என்னும் சிறு நாட்டிற் பிறந்தார். மின்சாரக் கருவிகளில் இளமையிலேயே பெரு விருப்புடையவராய், தாம் புதிதாக அமைத்த மின்கலத்தை விற்றுப் பொருளீட்டலாம் என்னும் நம்பிக்கையோடு 1904-இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் மின்சாரச் சாமான்களை வரவழைத்து விற்கும் வாணிகம் தொடங்கி, கம்பியில்லாத் தந்திக் கருவியொன்றைச் சிறுவரும் வாங்கத்தகும் விலைக்கு விற்றார். அத்துணைக் குறைந்த விலைக்கு அத்தகைய கருவி கிடைத்தல் கூடுமோவென ஐயுற்றுப் போலீஸாரே விசாரிக்க வந்தனர் என்பர். தம்மிடம் பொருள் வாங்குவோர்க்கு விஞ்ஞானம் புகட்ட விரும்பி 1908-இல் ஒரு மின்சாரப் பத்திரிகை தொடங்கினார். 1911-இல் அதிலேயே 2660-ஆம் ஆண்டில் நிகழ்வதாகத் தொடர்கதையொன்றும் எழுதினார். கதை என்ற அளவில் அது சுவையற்றது என்பதே எம் கருத்து. அதன் மாந்தர் பேசுவது இயந்திரங்களின் விளம்பரம் படிப்பது போலிருக்கும். எனினும் ஆகாயத்திற் செல்லும் ஊர்தியை மின்னலைகளின் எதிரொலியால் கண்டறியும் முறையை அதில் அவர் விவரித்திருத்தல், பின்னாளில் ரேடார் கண்டோரை வியப்பிலாழ்த்திற்று.

1926-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'அமேஸிங் ஸ்டோரிஸ்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளையே வெளியிடற்கென ஆங்கிலத்தில் எழுந்த முதற் பத்திரிகை இதுவே. வெர்ன், வெல்ஸ், எட்கர் ஆலன் போ முதலியோரின் பழங்கதைகளே முதலிதழை நிரப்பின. எனினும் அவர் செய்த அருஞ்செயல் கதைகளில் இல்லை. கடைசிப் பக்கங்களில் சிற்றெழுத்தில் அச்சிட்ட வாசகர் கடிதங்களிலேயே உள்ளது. இக்கதை நன்று, இக்கதையின் கணிதம் பிழை, இச்சித்திரம் கதையோடு பொருந்தாது என்றெல்லாம் வாசகர் எழுதியவற்றை வெளியிட்டதோடு, எழுதியவர் பெயரையும் முழு விலாசத்தையும் கீழே அச்சிட்டார்.

இவ்விலாசம் விளைத்த விளைவு எண்ணி மகிழ்தற்குரியது. அந்நாளில் இவ்வகைக் கதைகளைப் படிக்கும் இளைஞன் தன் வீட்டாராலும் பள்ளித் தோழராலும் எள்ளப்பட்டவன். தன்னைப் போல் வேறொருவன் எங்கேனும் உளனோவென அவன் அறியான். அத்தகையோன் பத்திரிகையைப் புரட்டுகையில், தான் வாழும் ஊரிலேயே ஒருவன் இருத்தலைக் கண்டு கடிதம் எழுதினான். நேரிற் சென்று கதவைத் தட்டினான். இங்ஙனம் கூடியவர் சிகாகோவிற் கடிதச் சங்கம் அமைத்து, 1930-இல் தாமே ஒரு சிறு பத்திரிகை வெளியிட்டனர். கிளீவ்லந்து நகரத்து ஜெர்ரி சீகல் என்னும் வாசகரும் 1932-இல் அத்தகையதொன்றை நடத்தினார். அவரும் நண்பர் ஷூஸ்டரும் பின்னர்ப் படைத்த சூப்பர்மேனை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர்.

1929-இல் கெர்ன்ஸ்பாக்கின் கம்பெனி முறிந்து, பத்திரிகை பிறர் கைப்பட்டது. அவரோ சில மாதங்களிலேயே புதிய பத்திரிகைகள் தொடங்கினார். 1933-இல் ஒரு ரசிகரின் கைப்பத்திரிகையைக் கண்டு மெச்சி, சார்லஸ் ஹார்னிக் என்னும் பதினேழு வயது இளைஞரையே தம் பத்திரிகைக்கு ஆசிரியராக நியமித்தார். மறுவருடம் விஞ்ஞானப் புனைகதைச் சங்கம் ஒன்றை நிறுவ, அதன் கிளைகள் இங்கிலாந்திலும் தோன்றின.

இங்கு அவரது குறையையும் கூறாது விடுதல் தகாது. எழுதியவர்க்குரிய ஊதியத்தை அவர் செவ்வனே கொடுத்தாரல்லர். 1927-இல் வெளிவந்த சிறந்த கதையொன்றிற்கு லவ்கிராப்ட் என்னும் ஆசிரியர் பெற்றது 25 டாலரே. அவர் தம் கடிதங்களில் கெர்ன்ஸ்பாக்கை எலியோடு ஒப்பிட்டார். டொனால்டு வோல்ஹைம் என்னும் இளம் ரசிகர் 1934-இல் தம் முதற் கதைக்கு ஒரு காசும் பெறாது, தம்மைப்போல் வஞ்சிக்கப்பட்ட பிறரைத் தேடித் திரட்டி, வழக்கறிஞர் வாயிலாகப் பணத்தை வாங்கினார். தனித்திருந்த வாசகரை ஒன்றுகூட்டியவரையே அக்கூட்டம் கணக்குக் கேட்டது! 1935-இல் வோல்ஹைம் சங்கத்தினின்று நீக்கப்பட்டார். பொருள் முடையால் கெர்ன்ஸ்பாக் ஊதியம் கொடாதிருந்தார் எனச் சிலர் பரிந்து பேசுவர். முடை உண்மையே, ஆயின் உழைத்தவன் கூலியைப் பிடித்துவைத்துத் தம் முடையைத் தீர்த்தலை நாம் ஒப்போம்.

1936-இல் அவர் கதைப் பத்திரிகையை விற்றுவிட்டார். ரசிகரோ தளர்ந்திலர். 1939-ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக மகாநாடு கூட்டி, 'மெட்ரோபோலிஸ்' என்னும் ஜெர்மானியப் படத்தையும் திரையிட்டுக் கண்டனர். 1952-இல் சிகாகோ மகாநாட்டிற்குக் கெர்ன்ஸ்பாக்கைச் சிறப்பு விருந்தினராய் அழைத்தனர். மறுவருடம் ஏற்படுத்திய பரிசுக்கு ஹ்யூகோ என அவர் பெயரே வழங்கலாயிற்று. 1958 முதல் சினிமாப் படங்களுக்கும் இப்பரிசு உரித்தாயிற்று. அடுத்த வருடமே, போட்டிக்கு வந்த படங்களுள் ஒன்றும் பரிசிற்குத் தகாதென ரசிகர் வாக்களித்தனர். கடைசிப் பக்கத்துச் சிற்றெழுத்தில் தொடங்கிய குணதோஷ ஆராய்ச்சி இத்துணைத் துணிவு பெற்றதைக் கண்டு கெர்ன்ஸ்பாக் மகிழ்ந்திருத்தல் கூடும்.

அவர் 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் நியூயார்க்கில் தமது 83-ஆம் வயதில் காலமானார். தம் உடலை மருத்துவக் கல்லூரி மாணவர் கற்றற்கென ஈந்து சென்றார்.