ஜோசப் விட்வொர்த்

சர் ஜோசப் விட்வொர்த் (டிசம்பர் 21, 1803 – ஜனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த இயந்திரப் பொறியியலாளரும் தொழிலதிபரும் ஆவார். திருகாணி மரைகளுக்குச் சீர்தரம் வகுத்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். அறுகோணத் துளை கொண்ட துப்பாக்கியொன்றையும் வடிவமைத்தார்.

வாழ்க்கை

விட்வொர்த் ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். இளமையில் உறவினரின் பஞ்சாலையில் பணியாற்றிய இவர், 1825இல் லண்டன் சென்று ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் சேர்ந்தார். பின்னர் ஜோசப் கிளெமெண்டிடமும் பணிபுரிந்தார். சார்லஸ் பாபேஜின் வித்தியாச இயந்திரத்துக்கு உறுப்புகள் செய்து வந்தவர் இந்தக் கிளெமெண்டே. 1833இல் மான்செஸ்டர் திரும்பிய விட்வொர்த் சொந்தத் தொழிலைத் தொடங்கினார்.

திருகாணி மரை

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டியது. விட்வொர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து, அவற்றின் சராசரியைக் கொண்டு 1841இல் ஒரு சீர்தரத்தை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அதன் மேடும் பள்ளமும் உருட்டப்பட்டிருக்கும். விட்டத்துக்கேற்ப அங்குலத்துக்கு இத்தனை மரைகள் என்பதும் வரையறுக்கப்பட்டது. கால் அங்குலத் திருகாணிக்கு 20 மரைகள்.

இச்சீர்தரத்தின் அருமையைப் பழந்துப்பாக்கிகளைச் செப்பனிடுவோர் நன்கறிவர். கையால் மரை வெட்டப்பட்ட பழைய துப்பாக்கியின் விசைப்பொறியில் ஒரு திருகாணி அதன் சொந்தத் துளைக்கு மட்டுமே பொருந்தும். இடம் மாற்றி முறுக்கினால் இறுகிவிடும். தொப்பி வெடியால் இயங்கும் துப்பாக்கிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. வெடித்தபின் எஞ்சும் உப்பு ஈரத்தை ஈர்ப்பதால், தொப்பி பொருத்தும் சிறு குமிழ் துருவேறிக் குழலோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற, முதலில் குழலில் பழைய மருந்து இல்லை என்பதை உறுதி செய்தல் வேண்டும் (இதை மறந்து சூடேற்றுவது உயிருக்கே ஆபத்து). பின்னர் ஊடுருவும் எண்ணெயில் சில நாட்கள் ஊறவிட்டு, சரியாகப் பொருந்தும் திறவுகோலால் சிறிது சிறிதாக அசைப்பர். திருகாணியாயின் அதன் வெட்டுப்பள்ளத்தை முழுதும் நிரப்பும் திருப்புளி தேவை. உடைந்தால் துளையிட்டு எடுப்பதே கடைசி வழி. அதற்கு ஈடான திருகாணி கடையில் கிடைக்காது. பழைய மரையை அளந்து புதிதாகக் கடைந்தாக வேண்டும்.

கிரிமியப் போரின்போது பீரங்கிப் படகுகளுக்கான இயந்திரங்களின் உறுப்புகள் பல பட்டறைகளில் பகிர்ந்து செய்யப்பட்டன. பொதுவான மரை இருந்ததாலேயே அவை ஒன்றோடொன்று பொருந்தின.

விட்வொர்த் துப்பாக்கி

பிரித்தானிய அரசு துப்பாக்கி உற்பத்திக்கான இயந்திரங்கள் குறித்து இவரை நாடியது. ஆனால் இவரோ துப்பாக்கியையே முதலில் ஆராய வேண்டும் என்றார். அரசு செலவில் இவரது இல்லத்தருகே 500 கஜ நீளச் சோதனைக்கூடம் அமைக்கப்பட்டது. அதன் பயனாக 0.451 அங்குல அறுகோணத் துளையுள்ள துப்பாக்கி உருவானது. 1857ஆம் ஆண்டுச் சோதனைகளில் அது தொலைதூரக் குறியில் என்ஃபீல்டு துப்பாக்கியை எளிதில் வென்றது. எனினும் விலை மிகுதி, குழலில் கரி விரைவில் படிதல் ஆகிய காரணங்களால் இராணுவம் அதனை ஏற்கவில்லை. 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் போட்டியைத் தொடங்கி வைத்துச் சுட்டது இத்துப்பாக்கியாலேயே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலக் குறிசுடுநர்களும் இதனைப் பயன்படுத்தினர்.

பிற்காலம்

1868இல் பொறியியல் மாணவர்களுக்கு உதவித்தொகை நிறுவினார். 1869இல் பாரனெட் பட்டம் பெற்றார். மான்டி கார்லோவில் காலமானார். உடல் டார்பிஷயரில் உள்ள டார்லி டேலில் அடக்கம் செய்யப்பட்டது. இவரது நிறுவனம் 1897இல் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்துடன் இணைந்தது.