மூளைக்குள் கத்தி வைத்த டாக்டர்

மூளையில் கட்டி என்றால், ஒரு காலத்தில் டாக்டர்களே பெரும்பாலும் கையை விரித்தார்கள். கத்தி வைத்தால் ரத்தம் கொட்டும், நிறுத்துவது கடினம்.

அந்த நிலையை மாற்றியவர் டாக்டர் ஹார்வி குஷிங். அமெரிக்காவில், கிளீவ்லாந்து நகரில் 1869-ல் பிறந்தார்.

1911-ல் சின்னஞ்சிறு வெள்ளிக் கவ்விகளால் ரத்தக் குழாய்களை அடைத்தார். 1926-ல் மின்சாரத்தால் ரத்தத்தை உறைய வைத்தார். பெரியவர்கள், குழந்தைகள் என 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட மூளைக் கட்டிகளுக்கு ஆபரேஷன் செய்தார்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் மண்டை ஓட்டுக்குள் இடம் ஏது? எந்தக் கட்டி வளர்ந்தாலும் மூளை நசுங்கும். தலைவலி, வாந்தி வரும், கண் மங்கும்.

1939-ல் குஷிங் மாரடைப்பால் காலமானார். பிரேதப் பரிசோதனை நடந்தது.

அவர் மூளைக்குள்ளும் ஒரு சிறு கட்டி! அது புற்று அல்ல. உயிரைப் பறித்ததும் அதுவல்ல. ஊரார் தலையில் கட்டியைத் தேடியவரின் தலையிலும் ஒன்று இருந்திருக்கிறது!