கழிவைப் பொருளாக்கிய வேளாண் விஞ்ஞானி கார்வர்

தொழிற்சாலைப் பொருட்களை நிலத்தையும் நீரையும் கெடுக்காத முறையில் தயாரிப்பதே பசுமை வேதியியல். பெட்ரோலியத்துக்குப் பதிலாக ஆண்டுதோறும் விளையும் பயிர்களை மூலப்பொருளாகக் கொள்வதும், பயன்பாடு முடிந்ததும் மண்ணில் மட்கும் பொருளைத் தயாரிப்பதும் இதன் முக்கிய விதிகள். இந்தப் பெயர் 1990-களில்தான் பரவியது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏழை விவசாயிகளுக்காக இதே வழியில் உழைத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

1864-ஐ ஒட்டி, மிசௌரி மாநிலத்தில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். சரியான பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோது தாயையும் அவரையும் கொள்ளையர் கடத்திச் சென்றனர். குழந்தை மீட்கப்பட்டது; தாய் கிடைக்கவே இல்லை. நோஞ்சானாக வளர்ந்த சிறுவன் வயல் வேலைக்குப் பதிலாக வீட்டு வேலையும் தோட்ட வேலையும் செய்தான். வாடிய செடிகளைத் தேற்றுவதில் அக்கம்பக்கத்தில் பெயர் பெற்றான்.

கான்சாஸில் ஒரு கல்லூரி, கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் அவரைத் திருப்பி அனுப்பியது. அவர் படிப்பைக் கைவிடவில்லை. அயோவா மாநில வேளாண் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவரே. 1894-ல் இளநிலைப் பட்டமும் 1896-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு, புக்கர் டி. வாஷிங்டன் அழைப்பை ஏற்று அலபாமாவில் உள்ள டஸ்கீகி கல்வி நிலையத்துக்குச் சென்றார். இறக்கும் வரை 47 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

பருத்தியால் களைத்த மண்

அங்கே ஆய்வுக்கூடம் என்று சொல்ல எதுவும் இல்லை. மாணவர்களுடன் குப்பை மேடுகளில் பழைய புட்டிகளையும் பாத்திரங்களையும் பொறுக்கி, அவற்றையே ஆய்வுக் கருவிகளாக்கினார். ஆண்டாண்டாகப் பருத்தி மட்டுமே பயிரிட்டதால் நிலம் சத்திழந்து கிடந்தது. வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள் விளைச்சல் குறைந்து, கடன் ஏறித் தவித்தனர். கடையில் உரம் வாங்க அவர்களிடம் காசு இல்லை. எனவே, காட்டுச் சருகையும் சதுப்பு நிலச் சேற்றையும் மட்கவைத்து உரமாக்கச் சொல்லிக் கொடுத்தார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குக் கிடைக்கச் செய்யும்.

விவசாயி தன்னைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1906-ல், கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி ஒன்று கிராமம் கிராமமாகப் போய்ச் செயல்விளக்கம் காட்டியது. அதை நடத்திய அவரது மாணவர் தாமஸ் கேம்ப்பெல், அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளரானார். எழுத்தறிவு குறைந்தவர்களுக்கும் புரியும்படி 40-க்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளையும் கார்வர் எழுதினார்.

விளைந்ததை விற்பது எப்படி?

பருத்திக் காய்க் கூன்வண்டு அலபாமாவுக்குள் புகுந்தபோது மாற்றுப் பயிரின் தேவை எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் கடலை விளைந்தால் போதுமா, வாங்க ஆள் வேண்டாமா? இந்தக் கேள்விதான் அவரை வேதியியலுக்குள் இழுத்தது. 1916-ல் கடலையில் 105 வகை உணவு செய்யும் முறைகளை வெளியிட்டார். கடலையிலிருந்து பால், எண்ணெய், சாயம், அழகுப் பொருட்கள் எனப் பலவற்றைத் தயாரித்துக் காட்டினார். உள்ளூர்க் களிமண்ணிலிருந்து சுவர்ப் பூச்சு செய்தார். 1921-ல் கடலை இறக்குமதி வரி பற்றிப் பேச நாடாளுமன்றக் குழு முதலில் 10 நிமிடம்தான் கொடுத்தது. பேச்சைக் கேட்டதும் நேரக் கட்டுப்பாட்டை நீக்கியது.

கடலை வெண்ணெயை அவர்தான் கண்டுபிடித்தார் என்பது தவறு. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றுதான். அவருடைய பொருட்களில் பெரும்பாலானவை சந்தைக்கு வரவில்லை. 1943 ஜனவரி 5-ல் அவர் மறைந்தார். உலகப் போருக்குப் பின் மலிவான பெட்ரோலிய பிளாஸ்டிக் வீடுவீடாக நுழைந்தது. பயிரிலிருந்து பொருள் தயாரிக்கும் முயற்சிகள் பின்தங்கின. அந்தப் பிளாஸ்டிக்கின் துண்டுகளே இன்று உழவு மண்ணிலும் கிடக்கின்றன.

ஆனால் பயிர்ச் சுழற்சியும் மட்கு உரமும் இன்றும் தோற்கவில்லை. சேமிப்பையெல்லாம் ஆய்வு அறக்கட்டளைக்கு எழுதி வைத்த அவர் விட்டுச்சென்ற பாடம் எளியது: எதையும் எறிவதற்கு முன், எதற்குப் பயன்படும் என்று பார்க்க வேண்டும். களையைத் தடுக்க மெல்லிய பிளாஸ்டிக் நிலப்போர்வை விரிப்பவர்கள், முதலில் ஒரு பாத்தியில் மட்டும் வைக்கோல், கரும்புத் தோகை அல்லது கடலைத் தோலை மூடாக்காகப் போட்டுப் பாருங்கள். மட்காத தோலை மண்ணோடு கலந்தால் தழைச்சத்து தற்காலிகமாகக் குறையும். எனவே மேலாகவே பரப்புங்கள். பிளாஸ்டிக் போர்வையை அறுவடைக்குப் பின் கிழித்துக் கிழித்துப் பொறுக்க வேண்டும். மூடாக்கை மண்ணே எடுத்துக்கொள்ளும்.