பன்னிரண்டு வயதில் இடம்பெயர்ந்தவனின் இயந்திரம்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் வெளிக்கிட்டது. அப்போது எனக்கு 12 வயது. எங்கள் வீடு பளையில். தோட்டங்களில் தேங்காய் ஏற்றும் பழைய லொறி ஒன்று அப்பாவிடம் இருந்தது. சாவகச்சேரி வரை நடந்து வந்து நின்ற அம்மம்மாவையும் மாமி குடும்பத்தையும் ஏற்றிவர அவர் புறப்பட்டபோது நானும் தொற்றிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், கொடிகாமம் தாண்டியதும் எஞ்சின் இருமியது. வேகம் குறைந்தது. பிறகு நின்றே போனது. மழை விட்டபாடில்லை. பின்னால் குழந்தைகள், மூட்டைகள், ஓர் ஆடு. வீதி நிறையச் சனம்.

அந்த லொறியில் டீசல் இருக்கவில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் எங்களுக்கு இல்லையென்றாயின. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து கிடைத்தது. அதற்குள் தேங்காய் எண்ணெயைக் கலந்துதான் அப்பா ஓடினார். காரணம் இருந்தது. டீசல் பம்பியின் உள்ளே இருக்கும் நுண்ணிய பாகங்களுக்கு வழுக்குத் தருவது அது தள்ளும் எரிபொருள்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கு போதாது. தனியே ஊற்றினால் பம்பி தேய்ந்துவிடும். தேங்காய் எண்ணெயிலும் ஒரு கரைச்சல் உண்டு. 24 பாகை அளவில் அது உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் பில்டருக்குள் வெள்ளையாகக் கட்டிப்பட்டு வழியை அடைத்துவிடும்.

அன்று உறைவு இல்லை. அப்பா லாந்தரை என்னிடம் தந்துவிட்டு, தாங்கியிலிருந்து தொடங்கினார். மூடியைத் திறந்தார், உள்ளே காற்றுப் போகும் துளை அடைபட்டால் எண்ணெய் இறங்காது. அடுத்து பில்டரின் அடித்திருகைக் கழற்றினார். முதலில் வந்தது தண்ணீர். மழையில் நனைந்த பரல்களில் இருந்து வந்திருக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு, பில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பியை அமத்தினார். நுரை நுரையாக வந்தது. குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை அமத்திவிட்டு இறுக்கினார். பற்றரி சோர்ந்திருந்தது. நடந்து வந்தவர்கள் தங்கள் மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டுத் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது.

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே அன்று நினைத்திருந்தேன். அது ஒரு மனிதனின் பெயர் என்பதும், என்னுடைய வயதிலேயே அவனும் இடம்பெயர்ந்தவன் என்பதும் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தன.

ருடோல்ஃப் டீசல் 1858 மார்ச் 18ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியப் பின்னணி கொண்டவர்கள். தந்தைக்குத் தோல் பொருட்கள் செய்யும் தொழில். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜேர்மனியர் என்ற காரணத்தால் அந்தக் குடும்பம் இருந்ததை விட்டுவிட்டு லண்டனுக்குப் போனது. அங்கே பிழைப்பு சரிவரவில்லை. 12 வயது மகனை ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் இருந்த உறவினரிடம் தனியே அனுப்பிவைத்தார்கள். பிள்ளையாவது படிக்கட்டும் என்று அனுப்பிவைக்கும் பெற்றோரை நாங்கள் அறிவோம்.

அவர் படித்தார். மியூனிக்கில், குளிரூட்டும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் ஃபொன் லிண்டேயின் மாணவரானார். அக்கால நீராவி எஞ்சின்கள் எரித்த கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. இந்த வீண்விரயம் அவரை விடவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம் சுடுவதை நாம் கையால் உணர்ந்திருக்கிறோம். காற்றை இன்னும் பலமாக நெருக்கினால், பொறியே இல்லாமல் எண்ணெய் தானாகப் பற்றும் அளவுக்கு அது சூடேறும். இதுதான் அவருடைய எண்ணம். 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

எண்ணம் சரி, எண்ணெயை உள்ளே செலுத்துவதுதான் பெரும்பாடாகியது. இறுகிய காற்றுக்குள், சரியான கணத்தில், சரியான அளவில், பூம்புகையாக அதைத் தள்ள வேண்டும். 1893 ஓகஸ்ட் 10ஆம் திகதி ஆக்ஸ்பேர்க்கில் நடந்த முதல் சோதனையில் அழுத்தத்தை அளக்கும் கருவியே வெடித்துப் பறந்தது. 1894 பெப்ரவரி 17இல் எஞ்சின் ஒரு நிமிடமளவு தானாக ஓடியது. சரியாக மூன்று வருடங்கள் கழித்து, 1897இல் அதே நாளில், எரித்த வெப்பத்தில் 26 வீதத்தை அது வேலையாக மாற்றியதாகப் பேராசிரியர் ஒருவர் அளந்து உறுதிசெய்தார்.

ஆனாலும் எண்ணெயை ஊதித் தள்ள அவருக்குப் பெரிய காற்றமுக்கி தேவைப்பட்டது. அது கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் சரி, லொறிக்குள் அடங்காது. தொடக்கத்தில் விற்ற எஞ்சின்கள் அடிக்கடி நின்றன. காப்புரிமை வழக்குகளும் நோயும் தவறான முதலீடுகளும் அவரைக் கடனில் தள்ளின.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய முறையில் இயங்கிய சிறிய எஞ்சின் ஒன்று கச்சான் எண்ணெயில் ஓடியது. அதற்காக எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. பின்னாளில் தாவர எண்ணெய்களுக்கும் ஒரு காலம் வரும் என்று அவர் பேசினார். அந்தக் காலம் எங்களுக்குத் தடையின் உருவத்தில் வந்தது.

1913 செப்ரெம்பர் 29ஆம் திகதி இரவு, பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஏறினார். காலையில் அறையில் அவர் இல்லை. தொப்பியும் மேலங்கியும் கப்பல் தட்டில் கிடந்தன. பத்து நாளளவில் கடலில் ஓர் உடலைக் கண்ட படகுக்காரர்கள், சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருட்களை அடையாளம் காட்டியவர் மகன். தற்கொலையா கொலையா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. ஒருவர் காணாமல் போன பின் பொருட்களைப் பார்த்து அவர்தான் என்று சொல்ல நேர்வது எப்படிப்பட்டது என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அவர் பார்க்காமல் போனது லொறியைத்தான். 1920களில் காற்றமுக்கி இல்லாமலே ஓடும் டீசல் லொறிகள் வந்தன. 1927இல் ரொபேர்ட் பொஷ்ஷின் நிறுவனம் எண்ணெயை நேரடியாகப் பீச்சும் சிறிய பம்பியைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது.

அப்பா இப்போது இல்லை. அந்த லொறியும் 2000ஆம் ஆண்டுச் சண்டையோடு போய்விட்டது. மீள்குடியேறிய பின் நான் வாங்கியதும் பழையதுதான். போன மாதம் இயக்கச்சியில் நின்றது. உடன் வந்த தம்பி நேரே பம்பியைக் கழற்றப் போனான். தடுத்தேன். தாங்கி, குழாய், பில்டர், காற்று, பம்பி கடைசி. எங்கிருந்து எண்ணெய் புறப்படுகிறதோ அங்கிருந்துதான் தேட வேண்டும். உறிஞ்சும் குழாயின் இணைப்பில் செப்பு வொஷர் ஒன்று வெடித்துக் காற்றை இழுத்திருந்தது. புதியதைப் போட்டுக் கைப்பம்பியை அமத்தினோம். குமிழி நின்றது. தேங்காயோடு பளைக்கு வந்து சேர்ந்தோம்.